தொண்ணூறில் உதறும் வண்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை ராத்திரி சில்க் போர்டைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி, சேலம், வேலூர், தருமபுரி என்று ஊருக்குக் கிளம்பும் நம் ஆட்கள் பெங்களூரில் ஏராளம். அவர்களில் ரீமேப் (என்ஜின் கணினியின் கணக்கை மாற்றுவது) போட்ட வண்டி, பெரிய டவுன்பைப் (டர்போவிலிருந்து இறங்கும் புகைக்குழாய்), ஓப்பன் ஃபில்டர் (மூடியில்லாத காற்று வடிகட்டி) என்று வைத்திருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒரே விஷயம்தான்: "முழுசா மிதிச்சா பறக்குது அண்ணா, ஐடிலிங்லயும் அமைதியா நிக்குது. 80, 90ல சீராப் போகும்போது மட்டும் உதறுது." கடந்த சில வருடங்களில் அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முழுசா மிதித்தால் நன்றாக ஓடும் என்ஜின், சும்மா போகும்போது ஏன் உதற வேண்டும்?

என்ஜினுக்குச் சும்மா போவதுதான் கஷ்டமான வேலை. சமதளத்தில் 90 கிமீ வேகத்தில் ஒரு ஹேட்ச்பேக்கை ஓட்ட 13லிருந்து 15 குதிரைத்திறன் போதும். 150 குதிரைத்திறன் தரும் என்ஜினில் அது பத்தில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் த்ராட்டில் லேசாகத்தான் திறந்திருக்கும். சிலிண்டருக்குள் பாதி அளவுக்குக்கூடக் காற்று வராது, போன சுற்றில் எரிந்த புகையில் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடும். இப்படி மெலிந்த கலவையில் தீ மெதுவாகத்தான் பரவும். அதனால் பிஸ்டன் மேலே வருவதற்கு 30, 40 டிகிரி முன்பே பிளக் பொறி விட வேண்டியிருக்கும். பொறி கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும், கலவை கொஞ்சம் மாறினாலும், அந்தச் சுற்று எரியாமல் போகும். அதைத்தான் நாம் மிஸ்ஸிங் என்கிறோம்.

கம்பெனி என்ஜினியர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்து சீராக்கும் பகுதி இதுதான். வாங்குபவர் தினமும் ஓட்டுவது அங்கேதானே! நாம் வண்டியில் கை வைக்கும்போது எல்லாவற்றையும் முழு மிதிக்காகவே செய்கிறோம். பிளக், இன்ஜெக்டர், பைப் எல்லாம் அதற்குத்தான். டைனோவில், அதாவது வண்டியின் சக்தியை அளக்கும் மேடையில், கொடுக்கும் காகிதத்திலும் முழு மிதியில் வந்த கோடு மட்டும்தான் இருக்கும். அரை விரல் மிதியில் என்ன நடக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இருக்காது.

உதறுவது என்ஜினா, சக்கரமா என்று எப்படிப் பிரிப்பது?

இதைப் பிரிக்காமல் பிளக்கையோ காயிலையோ தொடாதீர்கள். ஆளில்லாத நேரான சாலையில், நைஸ் ரோட்டிலோ ஓசூர் தாண்டியோ, உதறும் வேகத்துக்கு வாருங்கள். மேனுவல் வண்டியென்றால் கிளட்சை முழுதாக மிதித்து என்ஜினை ஐடிலிங்குக்கு இறங்க விடுங்கள். சாவியைத் திருப்பி அணைத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கனத்துப் போகும். வண்டி தானாக உருளும்போதும் அதே உதறல் இருந்தால் அது டயர், ரிம், பேலன்சிங். நின்றுவிட்டால் என்ஜின், அல்லது என்ஜின் இழுக்கும்போது மட்டும் பேசும் பாகங்கள்.

அடுத்து, அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். வேகம் 90தான், ஆனால் ஆர்பிஎம் 2300லிருந்து 3000க்குப் போகிறது. உதறல் மாறவே இல்லையென்றால் அது சாலை வேகத்தோடு கட்டுப்பட்டது. வேறு வேகத்தில், ஆனால் அதே 2300ல் திரும்ப வந்தால் ஆர்பிஎம்மோடு கட்டுப்பட்டது: என்ஜின் மவுண்ட், சைலன்சர் எங்கோ தட்டுவது, இப்படி. மிதியை ஒரு நூல் கூட்டினால் மறைந்து, குறைத்தால் வருகிறது என்றால் சிலிண்டருக்குள் எரிவதில்தான் கோளாறு.

இன்னொரு வழி, உதறலின் தாளத்தைக் கவனிப்பது. 90 கிமீ என்றால் நொடிக்கு 25 மீட்டர். 15, 16 அங்குல ரிம்மில் வரும் சாதாரண டயரின் சுற்றளவு 1.9 மீட்டர் சொச்சம். ஆக நொடிக்கு 13 முறை சுற்றும். 2500 ஆர்பிஎம்மில் ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் எரியாமல் விட்டால் நொடிக்கு 21 உதறல். கையால் எண்ண முடியாது. ஆனால் கைபேசியை டேஷ்போர்டில் வைத்து அதிர்வு அளக்கும் செயலியைத் திறந்தால் 13க்கும் 21க்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

சக்கரம் என்று தெரிந்தால், வெளியில் வாங்கிய அலாயை முதலில் சந்தேகப்படுங்கள். அதன் நடுத்துளை வண்டியின் ஹப்பைவிடப் பெரிதாக இருக்கும். இடையில் ஹப் ரிங் போடாமல் நட்டை மட்டும் முறுக்கியிருந்தால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80, 100ல் ஆடும். ஸ்பிரிங் மாற்றி வண்டியை இறக்கியவர்களுக்கு இன்னொன்று: சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் கோணம் மாறிவிடும். தேய்ந்த உள்பக்க ஜாயின்ட் இழுவையில் மட்டும் உதறும், அது அப்படியே மிஸ்ஸிங் மாதிரியே இருக்கும். கிருஷ்ணகிரி பக்கம் ஏற்றத்தில் அதிகமாகி, இறக்கத்தில் அடங்கினால் அந்த ஜாயின்டைப் பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் இல்லையே?

டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் என்றால் அதற்குள் லாக்அப் கிளட்ச் ஒன்று உண்டு. சீரான வேகத்தில் பிடித்துக்கொண்டு, என்ஜினையும் கியரையும் நேராக இணைக்கும். ஆயில் பழசானால் அது வழுக்கிப் பிடித்து, வழுக்கிப் பிடித்து நடுங்கும். பின்னால் வண்டி எதுவும் வராதபோது, மிதியை அப்படியே வைத்து, இடது காலால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் லாக்அப் விட்டுவிடும். அந்த நொடியே நடுக்கம் நின்றால் பிளக்கை மறந்துவிட்டு கியர் ஆயிலைப் பாருங்கள்.

என் வண்டி 1.5 டிஎஸ்ஐ. லேசாக மிதித்தால் சத்தமே மாறுகிறது. கோளாறா?

இல்லை. விர்டுஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் 1.5ல் லேசான பளுவில் நான்கில் இரண்டு சிலிண்டர் ஓய்வெடுக்கும். கம்பெனி சைலன்சரில் அது தெரியாது. அதைக் கழற்றிவிட்டு வெறும் பைப் போட்டால் இரண்டு சிலிண்டரின் உறுமல் அப்படியே கேபினுக்குள் வரும்.

செக் என்ஜின் விளக்கு எரியவில்லை. அப்படியானால் மிஸ்ஸிங் இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. எரியாமல் விட்ட சுற்றுகளின் எண்ணிக்கை ஒரு அளவைத் தாண்டினால்தான் ஈசியு (என்ஜினை இயக்கும் கணினி) விளக்கைப் போடும். பி0300, பி0301 என்று கோளாறுக் குறியீடு பதிவாகும் முன்பே உள்ளுக்குள் சிலிண்டர்வாரியாக எண்ணிக்கொண்டிருக்கும், நல்ல ஸ்கேனரில் அது தெரியும். சில ரீமேப்களில் அந்தக் கண்காணிப்பையே அணைத்து வைத்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்பதே இல்லை. வலிக்கிற இடத்தை மரத்துப்போகச் செய்தால் நோய் போய்விடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஈசியு மிஸ்ஸிங்கைக் கிராங்க் சுழலும் வேகத்தில் வரும் சின்னத் தடுமாற்றத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. எடை குறைந்த ஃப்ளைவீல் போட்டால் நல்ல எரிப்பையும் மிஸ்ஸிங் என்று எண்ணலாம்.

ஸ்கேனரில் எதைப் பார்ப்பது?

ஈசியுவைப் படிக்கும் விலை குறைந்த ப்ளூடூத் ஓபிடி கருவியே தொடங்கப் போதும். ஆனால் அது மெதுவானது. இருபது விவரங்களைத் திறந்தால் நொடிக்கு ஒரு முறைகூடப் புதுப்பிக்காது. ஆர்பிஎம், வேகம், மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தம், குறுகிய கால, நீண்ட கால ஃப்யூயல் டிரிம், இக்னிஷன் டைமிங் என ஆறு போதும். உதறும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஃப்யூயல் டிரிம் என்பது, ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம். இரண்டையும் கூட்டி 5க்குள் இருந்தால் நல்லது, 10 தாண்டினால் காரணம் தேட வேண்டும். எந்த நேரத்தில் தாண்டுகிறது என்பதில்தான் துப்பு இருக்கிறது. ஐடிலிங்கில் கூட்டல் 15, ஓடும்போது 3 என்று இறங்கினால் மேனிஃபோல்டில் எங்கோ ஏர் பிடிக்கிறது. ஐடிலிங்கில் உறிஞ்சல் அதிகம், மொத்தக் காற்று குறைவு. அதனால் சின்ன ஓட்டைகூட அங்கே பெரிதாகத் தெரியும். ஐடிலிங்கில் சரியாக இருந்து, வேகம் ஏற ஏற கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அல்லது காற்றைக் குறைத்து அளக்கும் சென்சார்.

டிரிம் எல்லா இடத்திலும் அழகாக இருந்தும் உதறுகிறதா? அப்போது பிளக், காயில் பக்கம் போங்கள்.

சென்சார் லீன் (பெட்ரோல் குறைவு) என்கிறது. மேப்பில் பெட்ரோலைக் கூட்டச் சொல்லவா?

அவசரப்படாதீர்கள். ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன்தான் தெரியும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதிலிருந்த காற்று முழுதும் அப்படியே வெளியே வரும். சென்சார் அதைப் பார்த்து "பெட்ரோல் பற்றவில்லை" என்று சொல்லும். ஈசியு எல்லா சிலிண்டருக்கும் கூட்டும். நன்றாக எரிந்துகொண்டிருந்த மூன்றும் கரி பிடிக்கும். புதிய டவுன்பைப் கேஸ்கட்டில், சென்சாருக்கு முன்னால், ஊசித்துளை அளவு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் இதே பொய்யைச் சொல்ல வைக்கும். டவுன்பைப் மாற்றிய பிறகு உதறல் வந்தவர்கள் மேப்புக்கு முன்னால் அந்தக் கேஸ்கட்டைப் பாருங்கள். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, டிக் டிக் என்று சத்தம் வருகிறதா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

பிளக் புதுசு, அதுவும் ரேசிங் பிளக். அதில் கோளாறு இருக்குமா?

இருக்கும். நான் அதிகமாகப் பார்த்தது இதைத்தான்.

முருகேஷ்பாளையத்திலிருந்து ஒரு தம்பி டர்போ ஹேட்ச்பேக் கொண்டுவந்தார். ஸ்டேஜ் 2, அதாவது டவுன்பைப்போடு சேர்த்துச் செய்யும் ரீமேப், போட்டிருந்தது. 85க்கும் 95க்கும் நடுவில் உதறல். அதற்குள் நான்கு டயர், இரண்டு மவுண்ட், நான்கு காயில் மாற்றியாயிற்று. பிளக்கைக் கழற்றினேன். இரண்டாம் சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் முழுதும் வெல்வெட் துணி போல மங்கலான கறுப்பு. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டது, எண்ணெய்ப் பிசுபிசுப்பு இல்லை. கேஜை நுழைத்தால் இடைவெளி 0.5 மி.மீ. வண்டிக்குச் சொல்லப்பட்ட பிளக்கைவிட இரண்டு படி குளிர்ந்த, அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும், பிளக்.

முழு பூஸ்ட்டில், அதாவது டர்போ முழுதாக அழுத்தும்போது, காற்று அடர்த்தியாக இருக்கும், பெரிய இடைவெளியைத் தாண்டப் பொறி திணறும். அதனால் இடைவெளியைக் குறைக்கச் சொல்வது நியாயம்தான். ஆனால் 0.5ல் வரும் பொறி குட்டி. பூஸ்ட்டில் நெருக்கமான கலவை அதிலேயே பற்றிக்கொள்ளும். 90ல் போகும் மெலிந்த கலவையில் அது எதையும் தொடாமலேயே அணைந்துவிடும். குளிர்ந்த பிளக்கிலும் இதே கதை. பிளக்கின் நுனி 450, 500 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன் மேலுள்ள கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வாரம் முழுவதும் அல்சூருக்கும் மாரத்தஹள்ளிக்கும் ஊர்ந்து போகும் வண்டியில் அது நடக்கவே நடக்காது. கரி மின்சாரத்தைக் கடத்தும், பொறி இடைவெளியைத் தாண்டாமல் பீங்கான் வழியே இறங்கிவிடும். ஒரு படி மட்டும் குளிர்ந்த பிளக், 0.7 இடைவெளி என்று மாற்றினோம். அத்திப்பள்ளி டோல் வரை போய்வந்தோம், உதறல் இல்லை. பூஸ்ட்டிலும் நிற்கிறதா என்று பிறகு லாக் (ஸ்கேனர் பதிவு) எடுத்துப் பார்த்தோம், நின்றது. எல்லா வண்டிக்கும் 0.7 சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி அளவில் தொடங்கி, பூஸ்ட்டில் பொறி விட்டுப்போனால் மட்டும் ஒவ்வொரு முறையும் 0.05 மி.மீ மட்டும் குறைத்து வாருங்கள்.

காயிலைச் சந்தேகித்தால் வாங்க வேண்டாம், இடம் மாற்றுங்கள். இரண்டாவதை மூன்றாவதில் போடுங்கள். மிஸ்ஸிங் மூன்றுக்குப் போனால் காயில். இரண்டிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், அல்லது கம்ப்ரஷன்.

ஓப்பன் ஃபில்டர் போட்ட பிறகுதான் ஆரம்பித்தது. என்ன சம்பந்தம்?

காற்றளவு சென்சார், அதாவது மாஃப், இருக்கும் வண்டியில் நேரடிச் சம்பந்தம். குறிப்பிட்ட குழாய்க்குள் காற்று எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. 70 மி.மீ குழாயை எடுத்துவிட்டு 76 போட்டால் பரப்பு 18 சதவீதம் கூடிவிடும். அதே காற்று மெதுவாகப் போகும், சென்சார் குறைத்துச் சொல்லும். கூடவே, எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டரில் எண்ணெய் அதிகமானால் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பியில் படியும். மாஃபுக்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும் அடியுங்கள், கார்புரேட்டர் கிளீனர் வேண்டாம். வெளியே காற்றை விடும் ப்ளோ ஆஃப் வால்வும் இந்த வகை வண்டிக்கு ஆகாது. அளந்து உள்ளே விட்ட காற்று வெளியே போய்விடும், பெட்ரோல் மட்டும் மிஞ்சும்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, எதுவும் கிடைக்கவில்லை. சீரான வேகத்தில் மட்டும் வேலை செய்யும் பாகம் ஏதாவது உண்டா?

உண்டு, இரண்டு. பலர் மறப்பதும் இவற்றைத்தான். ஒன்று, பர்ஜ் வால்வு. டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் ஆவியைக் கரிப்பெட்டி பிடித்து வைக்கும். சீராக ஓடும்போது வால்வு திறந்து அதை என்ஜினுக்குள் விடும். வால்வு திறந்தே மாட்டிக்கொண்டாலோ, இன்டேக் மாற்றியபோது ஹோஸை இடம் மாற்றிச் செருகியிருந்தாலோ கணக்கில் வராத ஆவியும் காற்றும் உள்ளே போகும். வால்விலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைத் தற்காலிகமாகக் கிளாம்ப் போட்டு அடைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டாவது, இஜிஆர் இருக்கும் பெட்ரோல் வண்டியில் அந்த வால்வு. எரிந்த புகையை அளவோடு திருப்பிவிட வேண்டியது, கரி பிடித்து அளவு தவறினால் ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது, 80ல் தெரியும்.

நேரடி இன்ஜெக்ஷன் வண்டி 60, 70 ஆயிரம் கிமீ தாண்டியிருந்தால் இன்டேக் வால்வின் முதுகையும் பாருங்கள். அங்கே பெட்ரோல் படுவதில்லை, அதனால் கரி கழுவப்படுவதில்லை. சிறிய கேமராவை விட்டுப் பார்த்தால் தார் ஒட்டிய மாதிரி இருக்கும். டேங்கில் ஊற்றும் கிளீனர் அதைத் தொடவே தொடாது, வால்நட் தூள் அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

பெரிய இன்ஜெக்டர், கேம் போட்டிருக்கிறேன். இந்த உதறலோடு வாழத்தான் வேண்டுமா?

இன்ஜெக்டருக்காக வேண்டியதில்லை. பெரிய இன்ஜெக்டர் 90ல் ஒன்றரை மில்லி செகண்ட் போலத்தான் திறக்கும். அவ்வளவு குறைந்த நேரத்தில் அது சொன்ன அளவைத் துல்லியமாக ஊற்றாது. அந்த மாடலுக்குரிய டெட் டைம் (உத்தரவு வந்தபின் இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதம்) எண்களை மேப்பில் சரியாகப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். வால்வுகளைத் திறக்கும் கேம் வேறு விஷயம். இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடுவதால் எரிந்த புகை உள்ளே அதிகம் தங்கும். லேசான பளுவில் டைமிங்கைக் கூட்டி, கலவையைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் பெரும்பாலும் அடங்கும், முழுதாகப் போகாது.

வண்டி நொடிக்கு ஒரு முறை மெதுவாகத் தள்ளி, விட்டு, தள்ளி, விட்டுப் போனால் அது மிஸ்ஸிங் அல்ல. கம்பெனி ஈசியுவுக்குப் பதில் போடும் தனி ஈசியுவில் ஆக்சிஜன் சென்சார் திருத்தத்தை அளவுக்கு மீறி வேகமாக வைத்திருப்பார்கள். சூளகிரி தாண்டி வரும் நீண்ட இறக்கத்தில் மட்டும் இப்படியென்றால், பெட்ரோலை நிறுத்தும் எல்லையிலேயே உங்கள் கால் நிற்கிறது. ஈசியு நிறுத்தி, விட்டு, நிறுத்துகிறது.

இ20 பெட்ரோல்தான் காரணமா?

தனியாக அது காரணமாவது அரிது. 2023 பிப்ரவரி 6 அன்று இதே பெங்களூரில்தான் பிரதமர் இ20யை, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை, தொடங்கி வைத்தார். வெறும் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, இ20க்கு 13.5. அதாவது வெறும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் 9 சதவீதம் போலக் கூடுதலாக ஊற்ற வேண்டும், இ10லிருந்து வந்தால் 4. சீரான ஓட்டத்தில் ஈசியு இதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் மாஃப் ஏற்கெனவே 15 குறைத்துச் சொல்கிறது என்றால், அதன் மேல் இதுவும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும். இ20 வருவதற்கு முன் போட்ட மேப் என்றால் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெங்களூரில் நன்றாக ஓடும் வண்டி, சென்னை போனால் மட்டும் ஏன் திணறுகிறது?

பெங்களூர் 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் 91 கிலோபாஸ்கல், சென்னையில் 101. கம்பெனி ஈசியு இதைத் தானே பார்த்துக்கொள்ளும். த்ராட்டில் திறப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் தனி ஈசியுவில் காற்றழுத்தத் திருத்தம் இல்லையென்றால், கீழே இறங்க இறங்கக் காற்று 10 சதவீதம் கூடும், பெட்ரோல் கூடாது.

இப்படியே ஊர் வரை ஓட்டலாமா?

செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாகப் போகலாம். விட்டு விட்டு மின்னினால் மிதியைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், உள்ளிருக்கும் தேன்கூடு உருகிவிடும். அதைக் கழற்றி எறிந்துவிட்டேன் என்பவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இப்படி மாற்றுவதை அனுமதிக்கவில்லை. திரும்பப் போடுங்கள்.

டியூனரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

"உதறுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். உதறும் வேகம், கியர், ஆர்பிஎம், ஏற்றமா இறக்கமா, கிளட்ச் மிதித்தால் நிற்கிறதா என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பத்து நிமிட லாக், அதில் உதறிய நேரங்கள். கழற்றிய பிளக்குகளைத் துடைக்காமல், எது எந்த சிலிண்டர் என்று மார்க்கரில் எண் போட்டு ஒரு டப்பாவில். கடைசியாக, வண்டியில் என்னென்ன மாற்றினீர்கள், எந்தத் தேதியில் என்ற பட்டியல். உதறல் ஆரம்பித்த நாளையும் அந்தப் பட்டியலிலேயே வட்டம் போட்டுக் காட்டுங்கள். அந்த வட்டத்துக்கு மேலே இருக்கும் வரியைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன்.